திருகாணியின் கவலை

கரிம மூலக்கூறுகளால் ஆன ஒரு படிகத்துக்குள் வரிசையாக வீடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒரு எலக்ட்ரான். பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டாலே எரிச்சல் என்பதால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. ஆகவே அந்தப் படிகத்தில் மின்சாரம் அசையவே அசையாது.

ஒருநாள் ஆய்வகத்தில் அதை எண்ணெய் நிரம்பிய உலோகக் குப்பிக்குள் வைத்து, மூடியின் திருகாணியை முடுக்கினார்கள். எண்ணெயின் அழுத்தத்தில் வீட்டுச் சுவர்கள் நெருங்கி வந்தன.

"அண்ணே, நசுங்கிடுவோம், விட்டுடுங்க!" என்று மூன்றாம் வீட்டு எலக்ட்ரான் அலறியது.

"முடுக்குறது அவங்க கை. நான் என்னப்பா செய்ய?" என்றது திருகாணி. சொல்லும்போதே இன்னொரு சுற்று இறங்கியது.

மூன்றாம் வீட்டுக்காரர் தடுமாறி நான்காம் வீட்டுக்குள் விழுந்தார்.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

"நானா வந்தேன்? உங்க வாசல்தான் என் வீட்டுக்குள்ள வந்துடுச்சு."

அதற்குள் குப்பியைக் கடுங்குளிரில் இறக்கினார்கள். சண்டை போட்டபடியே இருவரும் சேர்ந்து நடந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் அப்படியே ஜோடி ஜோடியாகக் கிளம்பினார்கள். நடந்தவர்கள் எதிலும் முட்டவில்லை; அசையாத மின்சாரம் தடையே இல்லாமல் ஓடியது.

உள்ளே அலறல் நின்றுபோனதும் திருகாணிக்குப் பகீரென்றது. கொன்றுவிட்டோமோ?

"யாராவது இருக்கீங்களா? தளர்த்தச் சொல்லட்டுமா?"

எந்த வீட்டிலும் ஆள் இல்லை. படிகத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

"வேண்டாம் அண்ணே! இப்பத்தான் வீட்டை விட்டே கிளம்பியிருக்கோம்."