சென்னம்மா மாதிரியே ஒரு பொம்மை

"ஏம்பா கரியப்பா, இது யாரு? நான்தானே?"

கரியப்பன் கொட்டாய்க்குள் கால் வைத்த சென்னம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

பசு நல்லபடியாக ஈன்றால் வேடியப்பன் கோயிலுக்கு மண் பசு வைப்பதாக வேண்டுதல். அதைச் செய்யச் சொல்லத்தான் வந்திருந்தாள். வந்த இடத்தில், பலகை மேல் ஒரு முழ உயரத்துக்கு மண் பொம்மை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வளைந்த முதுகு, இடுப்பில் சுருக்குப்பை, ஒரு பக்கம் இழுத்த வாய். சாட்சாத் சென்னம்மாவேதான்.

கரியப்பன் பரம்பரைக் குயவன் இல்லை. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. வேடியப்பன் என்று ஊரார் கும்பிடும் வீரர் உருவம் செதுக்கிய நடுகற்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கை பழகியவன். போன எலெக்‌ஷனில் ஒரே சுவரில் இந்தப் பக்கம் இரட்டைக் காளையும் அந்தப் பக்கம் உதயசூரியனும் வரைந்து, இரண்டு கட்சிக்காரரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். மற்றவர்கள் செய்தால் எல்லா பொம்மைக்கும் ஒரே முகம். இவன் செய்தால் யாரைச் செய்தானோ அவர் முகம்.

சென்னம்மா கிட்டே போய்க் குனிந்தாள். பொம்மையின் நெஞ்சில் ஒரு துளை. அடிவயிற்றில் இன்னொன்று.

அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

"இதை யாரு செய்யச் சொன்னது?"

"கோயில்ல வைக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுக்கா. சொன்னா சாமி ஏத்துக்காது."

"சொல்றியா, ஊரைக் கூட்டட்டுமா?"

"உங்க மருமவ நஞ்சம்மாதான். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

எதுக்கென்று சென்னம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செய்வினை!

அந்த நேரம் பார்த்துப் புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தாள் நஞ்சம்மா.

"வாடி மகராசி! உன் வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல. என் அண்ணன் மவளைக் கட்டியிருந்தா என் வீடு விளங்கியிருக்கும். போனாப் போவுதுன்னு உன்னை வச்சிருந்தா, என்னையே சாவடிக்கப் பாக்கறியா?"

போட்ட கூச்சலில் பக்கத்துக் கொல்லையில் களை எடுத்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

நஞ்சம்மா புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். பொம்மையைப் பார்த்தாள், கரியப்பனைப் பார்த்தாள்.

"அப்படியெல்லாம் இல்ல அத்தே."

"அப்ப எதுக்குச் செய்யச் சொன்னே? ஊருக்கு முன்னால சொல்லு."

"இதைச் சுட்டு நாளன்னிக்குக் கோயிலுக்குப் போனாத் தெரிஞ்சிடும் அத்தே. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

"அதுக்குள்ள நான் பாடையில போயிடுவன்!"

ஒரே தள்ளு. இன்னும் சுடாத பச்சை மண் பொம்மை கீழே விழுந்து நொறுங்கியது.

"இப்படியே பஸ் ஏறி உங்கம்மா வீட்டுக்குப் போ. என் மவன் வந்தா நான் சொல்லிக்கறன்."

கரியப்பன் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினான்.

"இனிமே சொன்னா என்ன? அதான் உடைஞ்சாச்சே. விஷக் காய்ச்சல்ல கிடந்தீங்களே அக்கா, வைத்தியரே கையை விரிச்சாரே. அன்னிக்கு இந்தப் பொண்ணு ஈரப் புடவையோட வேடியப்பன் முன்னாடி போய் விழுந்துச்சு. அத்தை பிழைச்சு எழுந்தா அவங்க உருவத்தையே செஞ்சு வைக்கறேன்னு வேண்டிக்கிச்சு. அதுக்குத்தான் இது."



"அப்ப... அந்தத் துளை?" சென்னம்மா அவன் கையிலிருந்த துண்டைக் காட்டினாள்.

கரியப்பன் பக்கத்தில் இருந்த மண் குதிரையைத் திருப்பிக் காட்டினான். அதன் வயிற்றிலும் துளை. கன்றுக்குட்டியைத் திருப்பினான். அதிலும் துளை.

"ஆவி போக வழி இல்லன்னா சூளையில வெடிச்சிடும்க்கா. அதுக்காகக் குச்சியால குத்தறது. குதிரைக்கும் உண்டு, சாமிக்கும் உண்டு." பிறகு வெள்ளந்தியாகக் கேட்டான். "ஆமா, செய்வினை பொம்மைன்னா இப்படித்தான் குத்தி வைப்பாங்களா? நான் பாத்ததே இல்லையே. நீங்க எங்கக்கா பாத்தீங்க?"

சென்னம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஊரே பார்க்கிறது என்பதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். நஞ்சம்மா அவள் கையைப் பிடித்து, ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"விடுங்க அத்தே. கரியண்ணன் வேற செஞ்சு குடுக்கும். நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க? வாங்க, வெயில் ஏறுது. வீட்டுக்குப் போலாம்."

சென்னம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

காய்ச்சல் விட்டு நடக்கத் தெம்பு வந்ததும் அவள் முதன்முதலாகப் போன இடம், கல்லாவிப் பக்கம் ஒரு மந்திரவாதியின் வீடு. அங்கிருந்து வாங்கி வந்த, நெஞ்சிலும் அடிவயிற்றிலும் முள் குத்திய பொம்மை, நஞ்சம்மா தினமும் பாய் விரித்துப் படுக்கும் இடத்துக்கு நேர் கீழே புதைந்து கிடந்தது.