பாவமில்லாத வேலை

"பச்சைக் குழந்தையைக் கொன்னவனைத் தூக்குல போடறது பாவமே இல்ல. அது கடவுளோட நீதி" என்று மதகுரு முழங்கியதும் பிரார்த்தனைக் கூடமே கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் நேரே மதகுருவிடம் போனார்.

"நிஜமாவே பாவம் இல்லையா ஐயா?"

"அதுல என்னப்பா சந்தேகம்?"

"சரி, அவன் கழுத்துல கயித்தை மாட்டறவனுக்கு?"

"அவனுக்குப் புண்ணியம். அது கடவுளோட கை மாதிரி."

"அப்ப அந்தக் கை பட்டா இந்தக் கூடம் எப்படி அசுத்தமாகும்?"

மதகுருவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்கு இந்தக் கூடத்தைக் கேட்டு என் சம்சாரம் போன வாரம் வந்தா. புருஷன் தொழிலைச் சொன்னதும், 'உசுரை எடுக்கறவன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது'ன்னு விரட்டினது நீங்கதானே?"

மதகுரு வாசல் பக்கம் நழுவப் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை அந்தக் குழந்தையைக் கொன்னவனைத் தூக்குல போட ஜெயில்ல ஆள் இல்ல. காலையிலதான் வேலையை ராஜினாமா பண்ணி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அந்தப் புண்ணியத்தை நீங்களே போய்க் கட்டிக்குங்க."