ஒரு லோடு செங்கல்

காலையிலேயே வீட்டுக்காரர் போனில் பொரிந்து தள்ளினார்.

"சுவர் ஏன் இன்னும் இடுப்பளவுலயே நிக்குது? செங்கல் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். இந்த வாரம் முடியலேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

காண்ட்ராக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததாகச் செங்கல் சூளைக்காரரைப் பிடித்தார்.

"ஐயா, மூணு நாளா ஆளுங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க. ஒரு லோடாவது அனுப்புங்க."

"நாளைக்குப் பார்க்கலாம். வீடு எங்க ஓடிப்போகுது?"

பக்கத்தில் இருந்த கொத்தனாருக்கே பாவமாகிவிட்டது. "ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க ஏன் இடி வாங்குறீங்க?"

காண்ட்ராக்டர் தன் மனைவிக்குப் போன் போட்டு யோசனை சொன்னார். அவள் சூளைக்குப் பேசி, அதே தெருவில் புதிதாக வீடு கட்டப்போவதாகவும், அவசரமாக ஒரு லோடு வேண்டும் என்றும் தேனொழுகச் சொன்னாள். முக்கால் மணி நேரத்தில் தெருமுனையில் லாரி வந்து நின்றது. காண்ட்ராக்டர் ஓடிப்போய்க் கையசைத்து, வண்டியைத் தன் பக்கம் திருப்பிச் செங்கலை இறக்கிக்கொண்டார்.

கொத்தனாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"புது ஆளுக்குன்னா மட்டும் பறந்து வருதா? அந்தச் சூளைக்காரர் லட்சணத்தை நானே வீட்டுக்காரர்கிட்ட போட்டுக்கொடுக்கிறேன். அவர் நம்பரைக் குடுங்க."

"ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான்" என்றார் காண்ட்ராக்டர். "சூளையும் அவரோடதுதான். சொந்த வீட்டுக்கு மெதுவா அனுப்பிக்கலாம், வெளி ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாதுங்கிறார்."