இரண்டு அம்புக்குறிகள்

மார்ச் 8, சனி.

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பார்க்காமல் பிரித்துவிட்டேன்.

ஜீப்பின் அடியில் நீளவாக்கில் ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. ஷாஃப்ட். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அதுதான். ஒரே துண்டு அல்ல. இரண்டு பாதிகள், ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். இரண்டிலும் ஓர் அம்புக்குறி வெட்டியிருக்கும். மாட்டும்போது அம்புகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

விலகி மாட்டினாலும் வண்டி ஓடும். முனகிக்கொண்டே ஓடும்.

'பிரிக்கும் முன் அம்புகள் எப்படி நிற்கின்றன என்று பார்த்து எழுது.' இந்த நோட்டிலேயே இருக்கிறது. மெக்கானிக் மாலை வகுப்பு, நான்காவது வாரம். என் கையெழுத்து.

இன்று அம்புகளின் மேல் கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தன. கொஞ்சம் அசைத்துத் துடைக்கலாம் என்று இழுத்தேன். ஒரு பாதி கையோடு வந்துவிட்டது.

அம்புகள் நேராக நின்றனவா, விலகி நின்றனவா? எட்டு மாதமாக நான் தெரிந்துகொள்ள நினைத்தது அது ஒன்றைத்தான்.



போன ஜூலையில் இந்த ஷாஃப்டைப் பிரித்துக் கிரீஸ் வைத்து மாட்டியவன் நான். வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அம்புகளைப் பற்றிய பாடம் இன்னும் வரவில்லை.

மறுநாள் அண்ணன் ஏலத்தோட்டத்தில் பெண்களை இறக்கிவிட்டுத் தனியாக மலையிறங்கி வந்தார். ஒன்பதாம் வளைவில் நிறுத்தினார். அடியில் போய்ப் படுத்தார். ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் நான்கு போல்ட்டையும் கழற்றினார்.

இது பழைய ஜீப். இதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் விடுபட்டால் வண்டியைப் பிடிக்க ஒன்றுமில்லை.

அண்ணனுக்கு இது தெரியாததல்ல. சக்கரத்துக்குக் கல் வைக்க அன்று மறந்திருக்கிறார். வண்டி அவர் மேலேயே ஏறி உருண்டது.

ஏதோ சத்தம் கேட்டிருக்கும், பார்க்கப் போயிருப்பார் என்றார்கள்.

என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வண்டியைக் கொண்டுவந்தவர்கள் அந்த நான்கு போல்ட்டை முடுக்கியதோடு சரி. இரண்டு பாதிகளையும் யாரும் பிரிக்கவில்லை.

இன்று நான் பிரிக்கும்வரை.



வரும் திங்கட்கிழமை முதல் தோட்டத்துப் பெண்களை மதினி ஏற்றிப் போகிறார். லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அண்ணனின் சீட்டில் ஒரு தலையணை போட்டால்தான் கால் எட்டுகிறது.

நேற்று ஓட்டிப் பார்த்தோம். வேகம் இருபதைத் தாண்டியதும் தொடங்கியது.

ஊம்... ஊம்... என்று ஏறி இறங்கும் முனகல். காலுக்கடியில் அதிர்வு.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கியரை எடுத்துவிட்டு உருட்டச் சொன்னேன். சத்தம் நிற்கவில்லை. இன்ஜின் இல்லை.

முன்சக்கரங்களை இணைத்தோம், விட்டோம். மாறவில்லை. முன்பக்கம் இல்லை.

ஜாயிண்டுகளை ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை.

மிச்சம் இருந்தது அம்புகள்.

ஜீப் ஸ்டாண்டைக் கடக்கும்போது டிரைவர் சன்னாசி கத்தினார். "யக்கா, பின்னாடி யார ஏத்தியிருக்க? அழுகுற சத்தம் கேக்குது!"

"உம் பொண்டாட்டியத்தேன். எறக்கிவிடவா?" என்றார் மதினி.

ஸ்டாண்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.



இன்று மதியம் அடியில் மல்லாந்து கிடந்தபோது சட்டத்தின் உள்பக்கத்தில் ஒரு தடம் பார்த்தேன். கிரீஸில் நான்கு விரல்கள்.

என் கையை வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரியது.

மற்ற இடங்களைத் துடைத்தேன். அதைத் துடைக்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இதுவும் நோட்டில் இருக்கிறது. இதையாவது மீறவில்லை. புதிதாக எதையும் போடவில்லை. கிரீஸ்கூட வைக்கவில்லை. இரண்டு அம்புகளையும் நேருக்கு நேர் நிறுத்தி மாட்டினேன். அவ்வளவுதான்.

சத்தம் இருந்தால், அது என்னால் வந்ததல்ல.

சத்தம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஏறினேன்.



நான்கு மணிக்குக் கிளம்பினோம்.

இருபது.

முப்பது.

கண்ணாடிச் சட்டம் கிலுகிலுத்தது. டயருக்கடியில் சரளை நொறுங்கியது. எங்கோ ஒரு குயில் கூவியது, அதுகூடக் கேட்டது.

ஏழாம் வளைவு. எட்டாம் வளைவு.

ஒன்பதாம் வளைவில் மதினி வேகத்தைக் குறைக்கவில்லை. கடந்தபிறகு சொன்னார்.

"இருக்கு பாரு."

"என்னது மதினி?"

"சத்தந்தேன். நேத்து மாதிரியே இருக்கு. நீ கை வைக்கிறதுக்கு முந்தியும் இருந்துச்சு ராசு. ஒங்கண்ணன் பொலம்பிக்கிட்டேதான் ஓட்டுவாரு."

மெதுவாகத்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அம்புகளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இந்த நோட்டு அடுப்படி ஜன்னலில்தான் கிடக்கும்.

"எனக்குக் கேக்கலையே மதினி."

"எனக்குக் கேக்குதுல்ல? நாளைக்கு நல்லாப் பாரு."

வீடு வரும்வரை அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.



நாளைய வேலை:

முதலில் நான்கு சக்கரங்களுக்கும் கல் வைக்க வேண்டும்.

பிறகு அடியில் போய், மதினிக்குக் கேட்கும் சத்தத்தைத் தேட வேண்டும்.