ஒரு விரற்கடை

"நகருமா டாக்டர்?"

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்தாவது முறையாகப் போனில் கேட்டாள் நாகலக்ஷ்மி.

"ஃபில்லர் அப்படியெல்லாம் ஊர்ந்து போகாதும்மா. அழுத்தாதீங்க, குப்புறப் படுக்காதீங்க. நேத்து நேர்லயே பார்த்தேனே, வெச்ச இடத்துலதான் இருக்கு."

டாக்டருக்கு என்ன தெரியும்? ஒட்டிய கன்னத்தை உப்பவைக்க அந்த ஃபில்லர் ஊசி போட்ட மறுநாள் காலை, வாஷ்பேசின் முன் விறைப்பாக நின்று, கன்ன மேட்டுக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் கன்னம் பொட்டுக்கு ஒரு விரற்கடை கீழே! பொட்டை இறக்கி ஒட்டினாள். மறுநாள் மறுபடி ஒரு விரற்கடை. மூன்று நாளில் மூன்று விரற்கடை. பார்வைக்கு முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவள் கணக்கு டீச்சர். கண் பொய் சொல்லும், கணக்கு சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மாளவிகாவுக்கு நிச்சயதார்த்தம். விஷயம் கணவர் கஸ்தூரிரங்கனுக்குத் தெரிந்தால் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே உபந்நியாசம் தொடங்கிவிடுவார். இரும்புலியூர் அடுக்ககத்தின் சங்கத் தலைவர் அவர். அவளைவிட ஒரு விரற்கடைதான் உயரம். பேச்சு மட்டும் மொட்டைமாடி உயரம்.

"முகம் பெருமாள் கொடுத்தது. அதுல ஊசி குத்தறது அகங்காரம்" என்று போன மாதக் கூட்டத்தில்தான் முழங்கியிருந்தார்.

"அப்பா ஒரு வாரமா சிரிக்கவே மாட்டேங்கறார்மா. தூங்கறப்பகூட மல்லாந்து, சிலை மாதிரி" என்றாள் மாளவிகா.

"சம்பந்தி ஆகப்போறாரோல்லியோ, கம்பீரத்துக்கு ஒத்திகை பாக்கறார்" என்ற நாகலக்ஷ்மிக்கும் சிரிக்கப் பயம்.

மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். கனவில், பெருங்களத்தூரில் ஒரு வண்டியும் நகரவில்லை. நின்றுபோன பஸ்களுக்கு நடுவே அவளுடைய இரண்டு கன்னங்கள் மட்டும், வெந்த இட்லிபோலப் பளபளத்து, தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"இன்னாம்மா, எங்க போவுது ரெண்டும்?" என்று படியில் தொங்கிய கண்டக்டர் கேட்டார்.

"தெரியலையே, வண்டலூர் பக்கமா போறது" என்று அவள் பின்னாலேயே ஓடினாள். கன்னங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே எழுந்து, கண்ணாடியைப் பார்க்கப் போனாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

கஸ்தூரிரங்கன் கண்ணாடி முன் விறைப்பாக நின்றிருந்தார். அவள் ஒட்டிய பொட்டை நகத்தால் பெயர்த்து, ஒரு விரற்கடை மேலே, தன் கன்ன மேட்டுக்கு நேராக வைத்து அழுத்தினார். பிறகு போனை வாயருகே பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் கிசுகிசுத்தார்:

"டாக்டர், நீங்க போட்ட ஃபில்லர் தினம் ஒரு விரக்கடை மேல ஏறிண்டே இருக்கு. நாளைக்குள்ள கண்ணுக்குப் போயிடும் போலிருக்கே!"