ஹெலன் டீச்சரின் வீட்டுப்பாடம்

"க்யூ, எக்ஸ் ரெண்டும் வர்ற இங்கிலீஷ் வார்த்தை அஞ்சு எழுதணுமாம். ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கு இது இன்னாத்துக்கு?"

ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்த பரணிதரன், மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கொதித்தான்.

"போன்ல தேடிப் பாருங்க," என்றாள் மனைவி துர்காதேவி.

"தேடிக்கினுதான் கீறேன். எக்ஸ்ரே சென்டரா வருது. கம்பெனி ஆளுங்க குரூப்லயும் கேட்டாச்சு. ஒருத்தனுக்கும் தெரியல. பேஜாரா கீது!"

அதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஹெலன் டீச்சரின் குரல் செய்தி வந்தது.

"பேரன்ட்ஸ், ஒருத்தர்கூட ஹோம்வொர்க் அனுப்பல. எழுதினவங்க உடனே போட்டோ அனுப்புங்க."

டீச்சருக்குப் பின்னால் ஒரு சிறுமியின் அழுகை கேட்டது.

"யாராச்சும் அனுப்பிட்டாங்களா மம்மி? நாளைக்கு நான் எழுதிக்கினு போகலன்னா எங்க ஸ்கூல் மிஸ் வெளிய நிக்க வெச்சிருவாங்க!"