ஒற்றைப் புள்ளடி

"ஒண்டே ஒண்டா?"

கணினித் திரையைப் பார்த்த ஜெகதீஸ்வரனுக்கு முகம் தொங்கிப்போனது. 2007ஆம் ஆண்டு வட்டார சபைத் தேர்தல். கட்சிப் பட்டியலில் பிடித்தவரின் பெயருக்கு நேரே புள்ளடிக் குறி போட்டு வாக்களிக்கலாம். அவர் பெயருக்கு விழுந்தது ஒன்றே ஒன்று.

முடிவு பார்க்கவென்று, புலம்பெயர்ந்து குடியேறிய வெஸ்ட்லி என்ற புறநகரில் இருந்த அவருடைய வீட்டில் கூடியிருந்த சனம், கடித்த ரோல்ஸை விழுங்காமல் முழித்தது.

"நான் உங்களுக்குத்தான் அண்ணை போட்டனான்," என்று முந்திக்கொண்டார் ஆனந்தராஜா.

"நாங்களும்தான்!" என்று சோபாவிலிருந்து நாலைந்து குரல்கள்.

பிலேந்திரனும் பலமாகத் தலையாட்டினான். வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடத்துக்கு ஜெகதீஸ்வரனின் காரில் ஓசியில் போய், வேறு கட்சிக்குப் போட்டுவிட்டு, அதே காரில் வீடு திரும்பியவன் அவன். பேச்சு தன் பக்கம் திரும்புமுன் திசைமாற்றியாக வேண்டும்.

"அண்ணை, அந்த ஒண்டு உங்கட சொந்த வோட்டு. தனக்குத் தானே ஆரும் போடாமல் விடுவினமே? அப்ப, அக்கா ஆருக்குப் போட்டவ?"

வீடே கொல்லென்று சிரித்தது. தாங்கள் போடாததை எல்லாரும் வசதியாக மறந்துபோனார்கள்.

ஜெகதீஸ்வரன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற தேவிகா சிரித்தாள். "ஓம், அண்டைக்குக் கண்ணாடியை வீட்டை விட்டிட்டுப் போனனான். ஆற்றையோ பேருக்குப் போட்டிட்டன் போல."

"கட்டின பெண்சாதியே இப்பிடியெண்டால்!" ஆனந்தராஜா உச்சுக்கொட்டினார். ஆளாளுக்கு ஜெகதீஸ்வரனுக்காக இரங்கினார்கள். அவர் எழுந்து தேவிகாவின் பின்னால் குசினிக்குள் போனார்.

தப்பித்த சந்தோசத்தில் பிலேந்திரன் வெறுங்கோப்பையை வைக்கப் போனான். குசினி வாசலில் கால் நின்றுவிட்டது.

"எனக்காக ஏனப்பா பொய் சொன்னனீர்?" உள்ளே ஜெகதீஸ்வரனின் குரல்.

"பின்னை? தேர்தல் கேட்ட மனுசனே வோட்டுப் போடேல்லை எண்டால் உங்கட மானம் என்னாகும்? எல்லாரையும் ஏத்தி இறக்கினாப் பிறகு போடுவம் எண்டிருந்து, கடைசியாப் பிலேந்திரனைக் கொண்டுபோய் வீட்டை இறக்கிப்போட்டு நீங்கள் திரும்பிப் போகேக்கை, பள்ளிக்கூடக் கதவைப் பூட்டிட்டாங்கள். அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

"அப்ப அந்த ஒண்டு..."

"அதை நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போட்டனான். கண்ணைத் துடைச்சுப்போட்டு இந்த வடையைக் கொண்டுபோய்க் குடுங்கோ, உங்கட ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம்."